ஐஸ் கம்பெனியின் பின்வாசல்

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். அதிலும் பாதி நாள் கடற்கரையில்தான் கிடந்தேன். வெட்கப்பட்டுக்கொண்டு இதைச் சொல்லவில்லை. இராமநாதபுரத்தில் ஏசி போட்ட ஒரு ஹாலில், கழுத்தில் அட்டை தொங்கவிட்ட டாக்டர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, மைக்கைப் பிடித்து நான் பேசினேன். நான் பேசியதை அவர்கள் குனிந்து எழுதிக்கொண்டார்கள். இந்தக் கண்ணால் பார்த்தேன். எங்கள் கரையில் வள்ளம் வைத்திருக்கிறவனை எல்லாம் சம்மாட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் கணக்கில் சம்மாட்டிகளுக்குப் பஞ்சமில்லை. அந்த ஹாலில் பேசிய சம்மாட்டி நான் ஒருத்தன்தான்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ராமேசுவரத்தில் ஐஸ் கட்டியைத் தலையில் சுமந்து போட்டில் ஏற்றும் கூலியாக ஆரம்பித்தேன். தலையில் சாக்கு, சாக்குக்கு மேல் ஐஸ், ஐஸிலிருந்து ஒழுகும் தண்ணீர் கண்ணில் இறங்கும். அப்படிச் சுமந்தவன் இன்றைக்கு எங்கள் கரையில் சொந்தமாக ஐஸ் கம்பெனி நடத்துகிறேன், மூன்று வள்ளம் ஓடுகிறது. எவனும் தூக்கிவிடவில்லை. மாதா கோயில் வாசலில் நின்று இதைச் சத்தியம் பண்ணுவேன்.

எங்கள் கரைக்குக் காசநோய் மிஷின் வந்ததும் என்னால்தான்.

அது பெரிய மிஷின் ஒன்றும் இல்லை. பழைய டேப் ரெக்கார்டர் அளவுதான் இருக்கும். சளியை மருந்தில் கரைத்து உள்ளே வைத்தால், கிருமி இருக்கா இல்லையா என்று கொஞ்ச நேரத்தில் சொல்லிவிடும். அதற்கு முன்னால் எங்கள் ஆட்கள் சளியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி டவுனுக்குப் போக வேண்டும். போனவன் பாதி, போகாதவன் பாதி. மந்திரி வந்த கூட்டத்தில் மனு, கலெக்டர் கூட்டத்தில் மனு, கோயில் திருவிழாவுக்கு வந்த எம்.எல்.ஏ.வின் காரை மறித்து மனு. கடைசியில் மிஷின் வந்தது. எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்கென்று ஒரு அறை, அந்த அறைக்கு ஏசி. அந்த ஏசிக்கு முதல் ஒரு மாதம் என் கம்பெனி ஜெனரேட்டரிலிருந்துதான் கரண்ட் போனது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வந்த மிஷினைத் திரும்பத் தூக்கப் போகிறார்கள் என்று ஒரு நாள் டாக்டரம்மா சொன்னபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அந்த டாக்டரம்மா மேற்கே ஈரோட்டுப் பக்கத்துப் பொண்ணு. எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து ரொம்ப நாள் ஆகவில்லை. வயசு என் கடைசி மகள் வயசுதான். ஆனால் அழுத்தக்காரி. கம்பெனிக்கே வந்து, ஐஸ் தொட்டிப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னாள்.

"அய்யா, மேலிடத்துல இருந்து சொல்லிட்டாங்க. நம்ம மிஷின் பாதி நாள் சும்மா இருக்குதாம். அதிகமா சளி வர்ற ஊருக்கு மாத்தப் போறாங்க. அடுத்த மாவட்ட மீட்டிங்ல முடிவு பண்ணிடுவாங்க."

"யாரு மாத்துறது? கரையில எம்புட்டுப் பேரு இருமிக்கிட்டு அலையிறான், அவுகளுக்குத் தெரியாதா?"

"இருமறாங்க, சரி. டப்பா வரலைங்களே!"

டப்பா என்றால், மூடி திருகுகிற சின்ன பிளாஸ்டிக் டப்பா. இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவன் யாராக இருந்தாலும் ஆஸ்பத்திரியில் அதைக் கையில் கொடுத்துவிடுவார்கள். காலையில் எழுந்ததும் நெஞ்சிலிருந்து இழுத்து வருகிற முதல் சளியை அதில் பிடித்துக்கொண்டு வர வேண்டும். எங்கள் கரையில் டப்பா போகிறது, திரும்பி வருவதில்லை. வந்தாலும் உள்ளே சளி இருப்பதில்லை, வெறும் எச்சில். எச்சிலைப் போட்டால் மிஷின் என்ன செய்யும்? நோய் இல்லை என்று சொல்லும்.

"இது ஒரு விஷயமா?" என்றேன். "நாளைக்கு மாதா கோயில் மைக்குல சொல்றேன். என் ஐஸ் வேணும்னா வீட்டுக்கு ஒரு டப்பா வரணும். ஒரு வாரத்துல உங்க மிஷின் மூச்சு முட்டிப்போகும்."

அந்தப் பொண்ணு சிரித்தாள். "வேண்டாங்கய்யா. நீங்க அதட்டினா இந்த மாசம் வரும், அடுத்த மாசம் வராது. டப்பா ஏன் நிக்குதுன்னு நமக்குத் தெரியாமலே போயிடும். மொதல்ல ஏன்னு கண்டுபிடிக்கோணும்."

பிறகு அவள் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். மருந்து புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மிஷினும் இருக்கிறது. இருக்கிற மருந்தும் மிஷினும் ஆள் கையில் போய்ச் சேர்கிற வழியில் எங்கே ஓட்டை என்று பார்க்க வேண்டும். ஓட்டையை அடைக்க ஒரு வழி யோசிக்க வேண்டும். பழைய வழியையும் புது வழியையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு எது தேறுகிறது என்று பார்க்க வேண்டும். இதற்கும் ஆராய்ச்சி என்றுதான் பெயராம், செயல்பாட்டு ஆராய்ச்சி.

எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புது வலை வாங்கினால் மூன்று வள்ளத்திலும் ஒரே நாளில் ஏற்றுகிற முட்டாள் நான் இல்லை. ஒரு வள்ளத்தில் புதுசு, இன்னொன்றில் பழசு, ஒரே நாள், ஒரே கடல். சாயங்காலம் கூடையைப் பார்த்தால் தெரிந்துவிடும். "அம்புட்டுத்தானே? நான் அம்பது வருசமா ஆராய்ச்சிதான் பண்றேன்" என்றேன்.

காரணம் என்ன என்பதில்தான் எங்களுக்குள் தகராறு. ஆஸ்பத்திரி தூரமாக இருக்கிறது, அதனால்தான் என்று அவள். சாராயமும் சோம்பேறித்தனமும்தான் என்று நான். ஆட்களையே கேட்டுவிடுவோம் என்று முடிவானது. எங்கே போய்க் கேட்பது? அதற்கு யோசனை சொன்னதும் நான்தான்.

"இவனுக ஒரே இடத்துல சிக்குறது வள்ளம் தள்ளுற நேரம் மட்டும்தான். விடியக்காலம் கரைக்கு வாங்க. நான் நிக்கேன்."

சொன்னபடி டாக்டரம்மா இரண்டு நர்சுகளோடு வந்தாள். கிழக்கே வெளுத்துக்கொண்டிருந்தது. மாதா கோயில் மணி அடித்து முடிந்து, வள்ளங்களை ஆட்கள் தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கையைக் காட்டினேன். அந்தப் பொண்ணு நேரே என் முதல் வள்ளத்துக்கே போனாள். ஒரு கால் தண்ணீரில், ஒரு கால் மணலில் நின்ற என் வள்ளத்துச் சுக்கான்காரரின் முகத்துக்கு நேரே, மாதிரிக்குக் கொண்டுவந்த டப்பாவை நீட்டினாள்.

"அண்ணா, இந்த மாதிரி சளி டப்பா உங்க வீட்டுக்குக் குடுத்தாங்களா?"

சுக்கான்காரர் தண்ணீரில் இருந்த காலை மெதுவாக எடுத்து மணலில் வைத்தார்.

"ஏலே, எறங்குங்கடா. இன்னைக்குக் கடலுக்குப் போவேணாம்."

நான் டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். "ஏன்யா? காத்து நல்லாத்தானே இருக்கு?"

"தெரியாத மாதிரி கேக்குறீக சம்மாட்டி! 'எங்க போறே'ன்னு ஒருத்தன் கேட்டாலே திரும்பிப் போயி ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வாரவன் நான். கால் வைக்கிற நேரத்துல நோய்ச் சளி டப்பாவ மூஞ்சிக்கு நேரா நீட்டுறாக. இதுல முழிச்சிட்டுப் போனா வலையில மீனா விழும்?"

அடுத்த வள்ளத்துக்காரன் இதைக் கேட்டான். அதற்கு அடுத்தவனும் கேட்டான். வரிசையாக எல்லா வள்ளமும் நின்றுவிட்டது. பெட்டி பெட்டியாக ஏற்றிய ஐஸ் உருகிக்கொண்டிருக்கிறது. நான் கத்தினேன். என்னை எதிர்த்து நாலு பேர் கத்தினார்கள். டாக்டரம்மா டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, ஈரோட்டுப் பக்கத்து மரியாதையில் எல்லோரிடமும் "மன்னிச்சுக்கோங்க, மன்னிச்சுக்கோங்க" என்றாள். யார் காதில் விழுந்தது?

அப்போதுதான் என் வீட்டுக்காரி வந்தாள். சத்தம் கேட்டு வந்தவள் கூட்டத்துக்கு நடுவே நுழைந்து, நேரே என்னைப் பிடித்தாள்.

"ஏங்க, என்ன கத்துறீக? அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்? உங்களுக்கு எங்க போச்சு புத்தி? பொம்பளைக நாங்க இந்த டப்பாவ ஒங்க கண்ணுல காட்டக்கூடாதுன்னு மதில் ஓரமா பதுங்கிக் கெடக்கோம். நீங்க ஆளு கூட்டியாந்து கரையில நின்னு நீட்டச் சொல்றீக!"

"பதுங்கிக் கெடக்கீகளா? யாரு?"

"நாந்தான்! இவுக வள்ளத்துக்காகத்தான் என் தம்பி சளிய மண்ணுல கொட்டுனேன்."

கத்திக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

அவள் தம்பி என் மச்சினன். என் வள்ளத்திலேயே வலை இழுப்பவன், கம்பெனியில் ஐஸ் உடைப்பவனும் அவன்தான். அவனுக்கு நெடுநாளாக இருமல். டப்பா கொடுத்து, சோதித்து, நோய் இல்லை என்று வந்துவிட்டது. பீடியால் வருகிற இருமல் என்று நாங்கள் விட்டுவிட்டோம். நடந்தது என்னவென்றால், அவன் விடிய எழுந்து டப்பாவில் சளியைத் துப்பி அக்காவிடம் கொடுத்துவிட்டுக் கரைக்கு வந்துவிட்டான். அவள் அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருக்கிறாள். எங்கள் குடியிருப்பிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரே வழி, வள்ளங்கள் நிற்கிற கரை வழி. ஒரு பக்கம் வேலிக்கருவைக் காடு, மறு பக்கம் என் கம்பெனி மதில். வள்ளம் தள்ளுகிற நேரத்தில் அந்த டப்பாவோடு எந்தப் பொம்பளையும் குறுக்கே போகமாட்டாள். அதுவும் புருஷன் வள்ளம், உள்ளே கூடப்பிறந்தவன். மதில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறாள். அன்றைக்குக் காற்று சரியில்லை, வள்ளங்கள் நெடுநேரம் கிளம்பவே இல்லை. வெயில் ஏறிவிட்டது. அதைக் கையில் வைத்திருக்க மனசு ஒப்பாமல் மணலில் கொட்டி, டப்பாவைக் கழுவிவிட்டாள். சாயங்காலம் தம்பி வந்ததும் இன்னொரு தடவை துப்பச் சொன்னாள். டீ குடித்த வாயோடு அவன் துப்பினான். அந்த எச்சிலைத்தான் மிஷின் பார்த்தது.

டாக்டரம்மா கிட்டே வந்தாள். கோபப்படவில்லை. "அக்கா, எந்த இடத்துல கொட்டுனீங்க? காட்டறீங்களா?"

என் வீட்டுக்காரி மதில் பக்கம் நடந்தாள். பின்னாலேயே டாக்டரம்மா. அதற்குப் பின்னால், யாரும் கூப்பிடாமல், ஒவ்வொரு பொம்பளையாக.

"நானும் இங்கனதான் கொட்டுவேன்."

"நான் அந்த முள்ளுக்கிட்ட."

"ஆம்பளைகளுக்குச் சொல்லல தாயி. சொன்னா அன்னைக்குத் தொழில் போச்சு, பொறகு வீட்டுல சண்டை."

தூரமும் இல்லை, சாராயமும் இல்லை. டாக்டரம்மா சொன்னதும் தப்பு, நான் சொன்னதும் தப்பு. ஒன்று சொல்கிறேன்: அன்றைக்கு வள்ளங்கள் நிற்காமல் போயிருந்தால் இன்று வரை எங்களுக்கு விஷயம் தெரிந்திருக்காது. ஆட்களைக் கரையில் வைத்துக் கேட்கலாம் என்று யோசனை சொன்னது யார்? அதை மறந்துவிடக் கூடாது.

மறுநாள் விடியலில் டாக்டரம்மா முகமூடி போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக் கொல்லைக்கே வந்து, மச்சினனைத் திறந்த வெளியில் நிற்க வைத்து, நெஞ்சிலிருந்து சளியை எடுக்கச் சொன்னாள். கிருமி இருக்கிறது என்று மிஷின் சொல்லிவிட்டது. வழக்கமான மாத்திரைக்கு அடங்குகிற கிருமிதான் என்றும் சொன்னது.

ஆறடி ஆள், பயந்து சுருங்கிப்போய்விட்டான். "மச்சான், நான் செத்துருவேனா?"

"ஏலே மாப்ளே, ஒன்னைய வச்சுத்தான் நான் ஐஸ் ஒடைக்கிறேன். எங்கிட்ட லீவு கேக்காம எப்படிச் சாவே? மாத்திரையத் தின்னுடா."

அவனுக்கு வைத்தியம் தொடங்கிவிட்டது. ஆனால் மிஷினைத் தூக்கும் கத்தி இன்னும் தலைக்கு மேலேதான் தொங்கியது. காரணம் தெரிந்தால் போதாது, வழி வேண்டும். அந்த வழி என் கையில் இருந்தது. என் கம்பெனிக்கு முன்வாசல் குடியிருப்பைப் பார்த்து இருக்கிறது. பின்வாசல் தார் ரோட்டில் திறக்கும். பின்வாசலிலிருந்து ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். ராத்திரியில் ஐஸ் திருடுகிறார்கள் என்று அந்தக் கதவை நான் பூட்டியே வைத்திருந்தேன். கம்பெனிக்குள் புகுந்து போனால் கரையில் கால் வைக்கவே வேண்டாம்.

"டாக்டரம்மா, சாவி இந்தா" என்றேன். "பெட்டியும் நான் தாரேன், ஐஸும் நான் தாரேன். சளி கெடாம போய்ச் சேரும்."

டப்பாக்களை வீடு வீடாக வாங்கி வர ஆள் வேண்டும். நான் யோசிப்பதற்குள் என் வீட்டுக்காரி முன்னால் வந்து நின்றாள். "கொட்டுனவ நான். நானே தூக்குறேன்." டாக்டரம்மா அவளுக்குக் கையுறை, முகமூடி, மூடியை எப்படி இறுக்குவது, பையில் எப்படிப் போடுவது என்று எல்லாம் பழக்கினாள். வள்ளக்காரர்கள் கண்ணில் படாமல், வீட்டுக் கொல்லைப்புறமாகவே வாங்கிவந்து, தனிப் பெட்டியில் வைத்து, பின்வாசல் வழியாக ஆஸ்பத்திரி. மீன் ஐஸ் வேறு பெட்டி, அது வேறு அறை.

ஆனால் ஒரு ஆள் எத்தனை தெரு போக முடியும்? பாதி ஊர்தான் முடியும். எந்தப் பாதி? மேலத் தெருக்களா, கீழத் தெருக்களா? என் வீடு கீழத் தெருவில். இயல்பாகக் கீழத் தெரு என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"சீட்டுப் போடலாங்கய்யா" என்றாள் டாக்டரம்மா.

"என்ன தாயி, பெட்டி என்னது, ஐஸ் என்னது, கதவு என்னது, பொண்டாட்டியும் என்னது. எந்தெருவுக்குச் சீட்டா?"

"உங்க தெருவுல நீங்க இருக்கீங்களே, அதனாலதான். நல்லா நடந்தா 'சம்மாட்டி மிரட்டினார், அதான் வந்துச்சு'ன்னு மேலிடத்துல சொல்லிடுவாங்க. எப்படியும் ஒரு பாதிக்குத்தான் மொதல்ல முடியும். எந்தப் பாதின்னு சீட்டு சொல்லட்டும். மத்தப் பாதியில யாருக்காவது இருமல் கடுமையா இருந்தா எங்கிட்டச் சொல்லுங்க, வைத்தியத்துக்கு நான் உடனே பார்ப்பேன். அவங்களை ஆராய்ச்சிக் கணக்குல மட்டும் சேர்க்க மாட்டேன்."

மாதா கோயில் முற்றத்தில் சாமியார் சீட்டு எடுத்தார். மேலத் தெரு வந்தது. என்னைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு நாங்கள் பட்ட பேச்சு கொஞ்சமா? "சம்மாட்டி பொண்டாட்டி சளி பெறக்கப் போறா" என்று குழாயடியில் பேச்சு. அவள் அதற்கும் பதில் வைத்திருந்தாள். "ஆமாடி, ஓம் புருசன் சளியத்தான் பெறக்குறேன். வெளிய சொல்லிராதே, மேலத் தெருவுக்கே அவன் சளிதான் கெட்டியாம்."

எனக்கு வந்தது வேறு மாதிரி. பக்கத்து ஊர் ஐஸ் கம்பெனிக்காரன், நான் வளர்ந்த பொறாமையில், என் ஐஸுக்கு "சளி ஐஸ்" என்று பெயர் வைத்துவிட்டான். ஏலக்கூடத்தில் மீன் வாங்க வந்த வியாபாரிகள் என் பெட்டியைத் தொடத் தயங்கினார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஏலக்கூடத்து நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, என் கம்பெனி ஐஸில் ஒரு துண்டை எடுத்து, எல்லோரும் பார்க்க, கடக் கடக் என்று கடித்துத் தின்றேன். "யாருக்குச் சந்தேகம்? வாங்கடா, ஆளுக்கு ஒரு துண்டு தாரேன்!" ஏலக்கூடமே கைதட்டியது.

டாக்டரம்மா காதுக்குப் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டு என்னைப் பிடி பிடி என்று பிடித்துவிட்டாள். "மீனுக்குப் போடற ஐஸைத் தின்பாங்களா? காசநோயை விடுங்க, அந்தத் தண்ணிக்கே உங்களுக்கு வயித்தால போகும்!" போனது. இரண்டு நாள் போனது. ஆனால் வியாபாரிகள் திரும்பி வந்துவிட்டார்கள். எது பெரிசு?

இதற்கு நடுவில் என் கை சும்மா இருக்குமா? மீட்டிங் நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் போயிற்று. கீழத் தெருக்காரர்களையும் அதட்டி டப்பாவைக் கொண்டுவரச் செய்தால் மொத்தம் ஏறுமே என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அப்ப ரெண்டு வள்ளத்துலயும் புது வலை போட்ட மாதிரிங்க" என்று அவள் என் பேச்சையே எனக்குத் திருப்பிவிட்டாள். வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடிய இடங்கள் குறைவு. அது ஒன்று.

மீட்டிங்குக்கு முந்தின வாரம் ஆஸ்பத்திரி அறையில் கூட்டிப் பார்த்தோம். மேலத் தெருவுக்குக் கொடுத்த டப்பாக்களில் அநேகமாக எல்லாமே திரும்பி வந்திருந்தன. சளியும் கெட்டிச் சளி. கீழத் தெருவில் பழைய கதைதான். பாதிக்கு மேல் வரவில்லை, வந்ததில் எச்சில்தான் அதிகம். மேலத் தெருவில் புதிதாகப் பிடிபட்ட நோயாளிகள் எல்லோரும் அதற்குள் மாத்திரை எடுக்க ஆரம்பித்திருந்தார்கள். டாக்டரம்மா கணக்கைச் சுருக்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தூண் மாதிரி ஒரு படம் போட்டுக் காட்டினாள். மேலத் தெருத் தூண் மாதா கோயில் கோபுரம் மாதிரி நின்றது. எங்கள் கீழத் தெரு பக்கத்தில் வள்ளம் கட்டுகிற முளைக்குச்சி மாதிரி. என் தெரு தோற்றதற்கு நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான்.

மீட்டிங்குக்கு என்னையும் கூட்டிப்போனாள். நான் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. என் வீட்டுக்காரி பட்டுச்சேலை. மிஷினை மாற்றச் சொன்ன அதிகாரி சென்னையிலிருந்து வந்திருந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் காகிதத்தைப் பார்த்தே பேசுகிறவர். டாக்டரம்மா படத்தைக் காட்டி முடித்ததும், அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"நல்லா இருக்கு. ஆனா எல்லா ஊர்லயும் ஐஸ் கம்பெனி இருக்குமா? எல்லா ஊர்லயும் பின்வாசல் இருக்குமா?"

நியாயமான கேள்வி. நான் எழுந்தேன். மைக் தந்தார்கள்.

"அய்யா, வணக்கம். பின்வாசல் எங்க ஊருக்கு. வாலிநோக்கத்துல உப்பளத்துக்காரன் இருட்டோட வேலைக்குப் போயிருவான். அவன் மொதச் சளிய உப்புப் பாத்தியிலதான் துப்புவான். அவனுக்குப் பின்வாசல் தொறந்தா என்ன, தொறக்காட்டி என்ன? அங்கன டப்பா எங்க நிக்குதுன்னு அங்கன போயித்தான் கேக்கணும். எங்க ஊருல மிஷின் சும்மா இருக்குதுன்னு ஒங்க காகிதம் சொல்லுச்சு. அது நெசந்தான். ஆனா மிஷினு சும்மா இருந்துச்சா, சளி வராம மதில் ஓரத்துல நின்னுச்சான்னு காகிதம் சொல்லல. அதக் கேக்காம மிஷினத் தூக்குனா, மீன் படலன்னு வள்ளத்த விக்கிற கதைதான். வலை கிழிஞ்சிருக்கான்னு மொதல்ல பாருங்க."

கைதட்டினார்கள். சும்மா சொல்லவில்லை, எழுந்து நின்று தட்டினார்கள். பின் வரிசையிலிருந்து எழுந்த என் வீட்டுக்காரி, "அந்த மதில் ஓரத்துல நின்னது நாந்தான்" என்று சத்தமாகச் சொன்னாள். எனக்குக் கிடைத்ததைவிட அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகத் தட்டியிருப்பார்கள். விட்டுக்கொடுத்துவிட்டேன்.

அந்த அதிகாரி அங்கேயே சொல்லிவிட்டார். மிஷின் எங்கள் கரையிலேயே இருக்கும். கீழத் தெருவுக்கும் உடனே ஆள் போடச் சொன்னார். இனிமேல் மாவட்டத்தில் எந்த ஊர் மிஷினையும் மாற்றுவதற்கு முன்னால், கொடுத்த டப்பா ஏன் திரும்பவில்லை என்று அந்த ஊரில் விசாரித்துச் சொல்ல வேண்டும். சளி வாங்கும் இடத்தை ஊர்க்காரர்களைக் கேட்டுத்தான் வைக்க வேண்டும். கொஞ்ச நாளில் அது உத்தரவாகவும் வந்தது. டாக்டரம்மா போனில் வாசித்துக் காட்டினாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். உப்பளத்தில் இப்போது அவள் வேறு ஒரு வழியைச் சோதித்துக்கொண்டிருக்கிறாள். என்னைக் கேட்காமலே தொடங்கிவிட்டாள். பரவாயில்லை, தொழில் பழகிவிட்டது.

ஆபீஸ் என்றால் ஆபீஸ்தான். உத்தரவு மாறிய விஷயம் வண்டிக்குப் போய்ச் சேரவில்லை. சில மாதம் கழித்து ஒரு நாள் காலையில் டவுனிலிருந்து ஒரு டெம்போ வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. மிஷினை ஏற்றிப் போக. டிரைவர் பழைய காகிதத்தை நீட்டினான். டாக்டரம்மா எனக்கு போன் போட்டாள். நான் போய்ச் சேர்வதற்குள் மேலத் தெருவும் கீழத் தெருவும் வண்டியைச் சுற்றி நின்றன. சுக்கான்காரர் டயர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அடிக்காதீக அண்ணாச்சி, நான் வெறும் டிரைவரு" என்றான் அவன்.

"யாருய்யா அடிக்கிறது?" என்றேன். "எங்க கரைக்கு வந்த வண்டி வெறுமனே திரும்பினதா சரித்திரம் கெடையாது. ஏலே மாப்ளே!"

என் மச்சினன் வந்தான். மாத்திரை முழுவதும் தின்று முடித்து, கடைசிச் சோதனையிலும் தேறி, பழைய உடம்பு வந்துவிட்டது அவனுக்கு. பின்வாசல் வழியாக ஒரு முழு ஐஸ் கட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். டெம்போவில் ஒரு கூடை நண்டு, ஒரு கூடை விளைமீன். அதன் மேல் ஐஸைப் போட்டு, கட்டையால் ஓங்கி ஓங்கி உடைத்தான். இடையில் நிறுத்தி இருமுவானோ என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஐஸ் உடைகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

"ஆபீஸ்ல என்ன சொல்ல அண்ணாச்சி?" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டே டிரைவர் கேட்டான்.

"மிஷினுக்கு வேலை இருக்குதாம், வர முடியாதாம்னு சொல்லு" என்றேன்.